மேட்ச் முடிந்தால் ரோட்டில் யானை!

90 நிமிஷ கால்பந்துக்கு 9 மணி நேரம்: எல்லை தாண்டும் ரசிகர்கள் படும் பாடு

தளி:-

கால்பந்து ஆட்டம் 90 நிமிஷம். அதை பெங்களூருக்குப் போய் நேரில் பார்க்க, தளியில் இருந்து கிளம்புகிறவருக்கு ஆகிற நேரம் 9 மணி! மத்தியானம் மூன்றரைக்கு வீட்டை விட்டு இறங்கினால், திரும்பி வந்து கதவைத் தட்டும்போது ராத்திரி பன்னிரண்டரை. நடுவில் இரண்டு மாநிலம், இரண்டு பஸ், மூன்று மெட்ரோ ரெயில். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இன்னொன்றும் சேரும். அதுதான் யானை!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வருஷா வருஷம் அக்டோபர் முதல் ஜனவரி வரை பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் இறங்குகிறது. ராகி விளைந்து நிற்கிற காலம் அது. பெங்களூரில் ஐ.எஸ்.எல். கால்பந்து சூடு பிடிக்கிறதும் அதே காலம்தான். மேட்ச் முடிந்து நடுநிசியில் ஊர் திரும்புகிற இளவட்டமும், காட்டை விட்டு ராகிக் கொல்லைக்குப் போகிற யானையும் ஒரே ரோட்டில்!

யானை எப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. கால்பந்தும் எப்போதும் இருந்தது. மாறிப் போனது மேட்ச் நடக்கிற நேரம்தான். அது எப்படி மாறியது, அதோடு சேர்ந்து மைதானத்துக்குப் போகிற அனுபவமே எப்படித் தலைகீழானது? விவரம் வருமாறு:-

பகல் ஆட்டம் போன கதை

பெங்களூரும் கால்பந்தும் நேற்று சேர்ந்த உறவு அல்ல. 1937-ம் வருஷம் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' என்ற உள்ளூர் அணி பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. அதுவரை ராணுவ அணிகளே தூக்கிக் கொண்டு போன கோப்பை அது. மறு வருஷமும் அதே அணிக்கே கோப்பை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணியில் பெங்களூர்க்காரர் அகமது கான் இருந்தார்.

தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அல்சூர் கவுதமபுரத்தை இன்றைக்கும் 'மினி பிரேசில்' என்கிறார்கள். அங்கே பீலேவுக்கு சிலையே வைத்திருக்கிறார்கள்!

அப்போது பெங்களூர் கால்பந்தின் முதுகெலும்பு தொழிற்சாலை அணிகள்தான். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எல்.ஆர்.டி.இ. என்று ஒவ்வொன்றுக்கும் அணி. ராணுவத்துக்கு எம்.இ.ஜி. அணி. கூட லேத் ஓட்டுகிற ஆள்தான் சாயங்காலம் சென்டர் பார்வர்டு. அவன் கோல் போட்டால் மறுநாள் கேன்டீனில் டீ யார் செலவு என்று தகராறு நடக்கும்.

அசோக்நகர் பக்கத்து பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தில் லீக் ஆட்டங்கள் பகலில் நடந்தன. முதல் ஷிப்டு முடித்தவன் சாப்பாட்டு டப்பாவோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடலாம். சுமார் 8 ஆயிரம் பேர் உட்காருகிற சின்ன இடம். கோட்டுக்கும் ரசிகனுக்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. கோல் கீப்பர் பின்வரிசை ஆட்களைத் திட்டுவது காதில் விழும். ரசிகன் திட்டுவது கோல் கீப்பருக்கும் விழும்! இருட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அத்திப்பள்ளி தாண்டி வருகிறவர் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்.

அதில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. வெயில் மண்டையைப் பிளக்கும். கழிப்பிடம் என்று ஒன்று இருந்தால் அதில் கால் வைக்க முடியாது. காலரியில் ஒரு பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். பக்கத்தில் இருப்பவர் வாயில் வருவது காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்காது. ஆனால் போவதும் வருவதும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

டி.வி. வைத்த கடிகாரம்

2013-ல் பெங்களூரு எப்.சி. பிறந்தது. ஜே.எஸ்.டபிள்யூ. கம்பெனியின் அணி. அந்த வருஷம் செப்டம்பர் 22-ந்தேதி, இதே கால்பந்து ஸ்டேடியத்தில் மோகன் பகானோடு முதல் ஐ-லீக் ஆட்டம். 1-1 டிரா. முதல் சீசனிலேயே சாம்பியன்! 2015-16-ல் மறுபடியும் சாம்பியன்.

அந்த ஸ்டேடியத்தின் மேற்கு காலரியில் கூடிய கூட்டம்தான் பின்னால் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்ற ரசிகர் சங்கமானது. அணி ஸ்ரீகண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறியபோது இவர்களும் கொடி, மேளத்தோடு அங்கே குடிபோனார்கள்.

கண்டீரவா பெரிய இடம். சுமார் 25 ஆயிரம் பேர் உட்காரலாம். ஆனால் சுற்றிலும் ஓட்டப் பந்தய டிராக். ஆட்டக்காரரின் முகம் தெரியாது, முதுகில் உள்ள நம்பர்தான் தெரியும். கோல் கீப்பர் திட்டுவது யாருக்கும் கேட்காது.

2017-ல் பெங்களூரு அணி ஐ.எஸ்.எல்.லில் சேர்ந்தது. அங்கேதான் கடிகாரம் கை மாறியது. ஐ.எஸ்.எல். முதல் நாளில் இருந்தே டி.வி.க்காகக் கட்டிய போட்டி. ஆபீஸ் விட்டு, சாப்பிட்டு, குடும்பத்தோடு டி.வி. முன்னால் உட்காருகிற நேரம் எதுவோ, அதுதான் ஆட்ட நேரம். ராத்திரி 7.30, சில சமயம் 8. விளம்பரம் அப்போதுதான் நல்ல விலைக்குப் போகும்.

டி.வி.யில் பார்ப்பவருக்கு இது சரி. பெங்களூரிலேயே குடியிருப்பவரும் சமாளித்துக் கொள்வார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 7.30-க்கு தொடங்குகிற ஆட்டம், இடைவேளையும் காயத்துக்குக் கொடுக்கிற நேரமும் சேர்ந்து முடிய 9.20-க்கு மேல். கூட்டத்தில் நசுங்கி வெளியே வர 9.45. ஓசூர் பஸ் நிலையத்துக்கு வர 11 மணியைத் தாண்டிவிடும். அங்கிருந்து தளி சுமார் 25 கிலோ மீட்டர். அந்த நேரத்தில் டவுன் பஸ் நிற்குமா?

சிப்காட்டில் காலை ஷிப்டு போகிறவன் பாடு இன்னும் மோசம். பன்னிரண்டரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அதனால் பலர் 80-வது நிமிஷத்திலேயே எழுந்து வாசலைப் பார்க்கிறார்கள். கடைசி நிமிஷ கோலை பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கிற ரசிகன் எல்லையோரத்தில்தான் உண்டு!

வாசலில் சோதனை மேல் சோதனை

அடுத்த மாற்றம் வாசலில். முன்பு ஜன்னல் ஓட்டைக்குள் கையை விட்டு, சில்லறை கொடுத்து, கிழித்த சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். இப்போது டிக்கெட் செல்போனில். கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதைக் கருவியில் காட்டினால் வழி திறக்கும். சார்ஜ் இறங்கிப் போனால் டிக்கெட்டும் போச்சு! உடம்பெல்லாம் தடவிப் பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டில், லைட்டர், பெரிய பை எல்லாம் வெளியே.

பழைய ஆட்களுக்கு இது எரிச்சல். ஆனால் இந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. பிணங்களை எண்ணிய பிறகு வந்தது.

1980 ஆகஸ்டு 16-ந்தேதி கல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம். காலரியில் அடிதடி, அதைத் தொடர்ந்து நெரிசல். 16 ரசிகர்கள் செத்தார்கள். 1989-ல் இங்கிலாந்து ஹில்ஸ்பரோ ஸ்டேடிய நெரிசலில் சிக்கியவர்களில் 97 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய அணிகளின் மைதானங்களில் நின்று பார்க்கிற காலரியை எடுத்துவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட்டார்கள். 2022 அக்டோபரில் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் போலீசார் கண்ணீர்ப் புகை வீச, வாசலுக்கு ஓடிய கூட்டம் நசுங்கி 135 பேர் பலி.

நம் பக்கத்திலும் பாடம் படித்தார்கள். 2017-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது, அவசரத்தில் கூட்டம் வெளியேற வழி போதாது என்று கொச்சி ஸ்டேடியத்தில் அனுமதிக்கிற ஆட்களின் எண்ணிக்கையை 29 ஆயிரமாகக் குறைத்தார்கள்.

ஆனால் பாடம் வாசலுக்கு உள்ளே மட்டும் படித்தால் போதாது. 2025 ஜூன் 4-ந்தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்தில் கிரிக்கெட் வெற்றி விழா. 11 உயிர் போனது உள்ளே அல்ல, வாசலுக்கு வெளியே! எந்த கேட் திறக்கும், யாருக்கு அனுமதி என்று தெரியாமல் கூடிய கூட்டம் அது. கண்டீரவாவுக்கு மெட்ரோவில் வருகிற கால்பந்து ரசிகர்கள் இறங்குகிற கப்பன் பார்க் ஸ்டேஷன், அந்த சின்னசாமி ஸ்டேடியத்தின் பக்கத்தில்தான் இருக்கிறது.

பாட்டும் பெண்களும்

நல்லதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு கண்டீரவாவின் மேற்கு காலரியில் நுழைந்தால், முன்பு கேட்ட கெட்ட வார்த்தைக் கச்சேரிக்குப் பதில் மேளம், பாட்டு. கன்னடமும் இங்கிலீஷும் கலந்து 90 நிமிஷமும் நின்றுகொண்டே பாடுகிறார்கள். நம் அணி மூன்று கோல் வாங்கினாலும் பாட்டு நிற்காது. தோளில் பிள்ளையைச் சுமந்து வரும் அப்பா, நீலச் சட்டையில் கல்லூரிப் பெண்கள், பேரனின் கையைப் பிடித்து வரும் தாத்தா என்று குடும்பமாக வருகிறார்கள்.

2016 அக்டோபர் 19-ந்தேதி ஏ.எப்.சி. கோப்பை அரை இறுதி. நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை பெங்களூரு 3-1 என்று தோற்கடித்தது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குப் போன முதல் இந்திய கிளப் இதுதான். 2023 ஜூலை 4-ந்தேதி இதே கண்டீரவாவில் தெற்காசிய கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா - குவைத், 1-1. பெனால்டியில் இந்தியா 5-4. கடைசி அடியைத் தடுத்தவர் பெங்களூரு அணியின் கோல் கீப்பர் குர்பிரீத் சிங். ஸ்டேடியம் முழுக்க ஒரே குரலில் 'வந்தே மாதரம்' பாடியது. அந்த ராத்திரி அங்கே இருந்தவனுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. இது டி.வி.யில் கிடைக்காது!

டி.வி.யில் மட்டும் கிடைப்பதும் உண்டு. 2023 மார்ச் 3-ந்தேதி கேரளா பிளாஸ்டர்சோடு பிளே-ஆப் ஆட்டம். கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ப்ரீ கிக். கேரள வீரர்கள் தயாராவதற்குள் சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் போட்டுவிட்டார். ரெப்ரி கோல் என்றார். கேரள அணி ஆத்திரத்தில் மைதானத்தை விட்டே வெளியேறியது! பின்னால் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்று, டிராக்குக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் இருக்கிறவன் ரீப்ளேயில் நாலு கோணத்தில் பார்த்துவிடுவான். காசு கொடுத்து வந்தவன் பையில் இருந்து செல்போனைத் தேடி எடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் கை தட்டுவது?

எல்லையோர ரசிகனுக்கு மட்டும் இன்னொரு தலைவலி. பஸ் டிக்கெட்டைப் பார்த்தால் பெங்களூர் பக்கம். ரேஷன் கார்டைப் பார்த்தால் சென்னை பக்கம். எந்த அணி நம் அணி?

2018 மார்ச் 17-ந்தேதி இந்தக் கேள்வி நேருக்கு நேர் வந்தது. ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். கண்டீரவாவில் பெங்களூரு எப்.சி.யும் சென்னையின் எப்.சி.யும் மோதின. 9-வது நிமிஷத்தில் சேத்ரி தலையால் முட்டி ஒரு கோல். ஸ்டேடியம் அதிர்ந்தது. அப்புறம் சென்னையின் பிரேசில்காரர் மைல்சன் ஆல்வெஸ் தலையாலேயே இரண்டு கோல். ரபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசியில் பெங்களூரு ஒன்று திருப்பியும் பலிக்கவில்லை. 3-2, கோப்பை சென்னைக்கு! சென்னை ரசிகர் சங்கங்களில் ஒன்றின் பெயர் 'சூப்பர் மச்சான்ஸ்'. பெயரிலேயே உறவு இருக்கிறது. நீலக் கடலுக்கு நடுவில் அன்று வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்ட ஓசூர்க்காரர்களும் இருந்திருப்பார்கள், துக்கப்பட்ட ஓசூர்க்காரர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் திரும்பி வருகிற ரோடு ஒன்றுதான்.

அந்த ரோடே அடைபட்ட நாளும் உண்டு. 2016 செப்டம்பர் 12-ந்தேதி காவிரித் தகராறில் பெங்களூரில் கலவரம். தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் கொளுத்தப்பட்டன. ஊரடங்கு போட்டார்கள். எல்லையில் பஸ் நின்றது. இரண்டே நாள் கழித்து, 14-ந்தேதி, கண்டீரவாவில் சிங்கப்பூர் அணியோடு ஏ.எப்.சி. கோப்பை கால் இறுதி ஆட்டம். பெங்களூரு 1-0 என்று ஜெயித்தது. சிங்கப்பூரில் இருந்து ஒரு அணியே வந்து இறங்கி ஆடிவிட்டுப் போனது. பக்கத்தில் 40 கிலோ மீட்டரில் இருக்கிற ஓசூர்க்காரர் எந்தத் தைரியத்தில் வண்டியை எடுப்பார்?

ஆள் இல்லாத ஆட்டம்

ரசிகனின் அருமை தெரிய ஒரு கொரோனா வர வேண்டியிருந்தது. 2020-21, 2021-22 இரண்டு ஐ.எஸ்.எல். சீசனும் கோவாவில், பூட்டிய மைதானத்தில் நடந்தன. 2022 மார்ச்சில் நடந்த இறுதி ஆட்டத்துக்குத்தான் ரசிகர்களை உள்ளே விட்டார்கள். அதுவரை டி.வி.யில் பார்த்தால் கோச் கத்துவதும், பந்து உதைபடும் 'தொப்'பென்ற சத்தமும்தான். கோல் விழும், கை தட்ட ஆள் கிடையாது. உப்பில்லாத ராகிக் களி மாதிரி இருந்தது!

அதற்கும் முன்பே ஒரு சம்பவம். 2018 ஜூன் முதல் தேதி பம்பாயில் இந்திய அணியின் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர்தான். சேத்ரி அன்று மூன்று கோல் போட்டார். மறுநாள் அவரே வீடியோவில் வந்து, வந்து திட்டவாவது செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. நாட்டின் கேப்டன் கும்பிட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. ரசிகன் அவ்வளவு வேண்டியவன்!

ஆனால் வேண்டும்போது கூப்பிடுகிறவர்கள், மற்ற நேரம் அவனை நினைப்பதில்லை. 2025 ஜூலையில் அடுத்த ஐ.எஸ்.எல். சீசனை நிறுத்தி வைத்தார்கள். கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடிகிறது, அதைப் புதுப்பிப்பதில் இழுபறி என்று காரணம் சொன்னார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எப்.சி. தன் முதல் அணி ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தியது. அந்த வருஷம் முடியும் வரை லீக் தொடங்கவில்லை. அதற்கு முந்தைய ஏப்ரலில்தான் பெங்களூரு அணி கல்கத்தாவில் இறுதி ஆட்டம் வரை போய், மோகன் பகானிடம் 1-2 என்று தோற்றிருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிய ரசிகனுக்கு, அடுத்த வருஷமே உண்டா என்று தெரியாத நிலை!

மெட்ரோ வந்தது, மீதி தூரம்?

எல்லையோரத்துக்கு ஒரு நல்ல செய்தி 2025 ஆகஸ்டில் வந்தது. ஆர்.வி. ரோட்டில் இருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் பாதை, 19 கிலோ மீட்டர், 16 ஸ்டேஷன். இப்போது ஓசூர்க்காரர் பஸ்ஸில் பொம்மசந்திரா போய் ரெயில் ஏறலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதைக்கும் மாறினால் கப்பன் பார்க். சில்க் போர்டு நெரிசலில் சிக்கி முதல் பாதி ஆட்டத்தைக் கோட்டை விட்ட காலம் போச்சு. தளிக்காரர் ஆனேக்கல், சந்தாபுரா வழியாக மோட்டார் சைக்கிளில் பொம்மசந்திரா வந்து ரெயில் பிடிக்கலாம்.

ஆனால் ராத்திரி திரும்பும்போது ரெயில் பொம்மசந்திராவோடு நின்றுவிடும். அதற்கு மேல் பஸ் கிடைத்தால் பஸ். மோட்டார் சைக்கிள் என்றால், ஆனேக்கலைத் தாண்டி இருட்டு ரோடு. அக்டோபர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் ராத்திரியில் நடமாட வேண்டாம் என்று வனத்துறை எச்சரிக்கிறது. யானைக்கு ஹாரன் அடித்தால் வழி விடாது. அதற்கு எந்த அணியும் ஒன்றுதான்!

இதற்குப் பெரிய பணம் ஒன்றும் தேவை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை சாயங்காலம் 5 மணிக்கே வைக்கலாம். சில ஆட்டங்களை அப்படி வைத்ததும் உண்டு. மேட்ச் நாளில் பொம்மசந்திராவில் இருந்து ஓசூருக்கும், ஓசூரில் இருந்து தளி, தேன்கனிக்கோட்டைக்கும் கடைசியாக ஒரு பஸ்ஸை, ஆட்டம் முடிகிற நேரம் பார்த்து விடலாம். இரண்டு மாநில போக்குவரத்து அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேர வேலை. டிக்கெட் விற்கும்போதே எந்த கேட், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று செல்போனுக்கு அனுப்பலாம். யானை நடமாட்டம் இருக்கிற நாளில் வனத்துறை தகவலை ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு போர்டில் எழுதி வைக்கலாம்.

உள்ளே நாற்காலி போட்டார்கள், விளக்கு போட்டார்கள், கேமரா வைத்தார்கள். குடும்பத்தோடு வரலாம் என்ற நிலை வந்தது. அதில் சந்தேகமே இல்லை. ரெப்ரி கடைசி விசில் ஊதியதும் டி.வி.க்காரர் கேமராவை மூட்டை கட்டிவிடுவார். ஆட்டக்காரருக்கு வாசலில் பஸ் நிற்கும். தளிக்காரருக்கு அப்போதுதான் இரண்டாவது ஆட்டம் தொடங்குகிறது. அதற்கும் ஒரு ரெப்ரி வேண்டும்!